திரை பெரிதானால் ஆபத்து குறையுமா?

கோவில்பட்டி அருகே நாலாட்டின்புத்தூரில் ஒரு சிறிய விமான ஓடுதளம் இருக்கிறது. அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றைக் கொண்டுவரத் தமிழக அரசு நிறுவனமான டிட்கோ முனைந்திருக்கிறது. சங்கரன்கோவில்காரர்களான நமக்கு அது பக்கத்து ஊர். பள்ளி வந்தால் நம் பிள்ளைகளும் சேர்வார்கள். வசதி உள்ளவர்கள் சொந்தமாகச் சிறு விமானம் வாங்கும் காலமும் வரலாம். அப்போது நம் காதில் விழக்கூடிய வாக்குறுதி ஒன்று உண்டு: "எங்கள் விமானத்தில் பழைய முள் கருவிகள் கிடையாது, எல்லாமே கணினித் திரை. அதனால் பாதுகாப்பு அதிகம்." இந்த "அதனால்" நிற்குமா? உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் இரண்டு பக்கச் சான்றுகளையும் எடைபோட்டே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் திரையின் பக்கம். பழைய சிறு விமானத்தில் விமானி ஆறு வட்டக் கருவிகளை மாறிமாறிப் பார்த்து, மனத்துக்குள் ஒன்றுசேர்க்க வேண்டும். கார்மின் ஜி1000 போன்ற அமைப்பில் இரண்டே திரைகள். இடது திரையில் விமானத்தின் சாய்வு, வேகம், உயரம். வலது திரையில் வரைபடம், இன்ஜின் நிலை, முன்னால் இருக்கும் மலை. ஒரு திரை அணைந்தால், சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் முக்கியமான தகவல்கள் எல்லாம் மற்றதில் வந்துவிடும். பழைய கருவிகளில் சாய்வைக் காட்டும் சுழலியை ஒரு வெற்றிடப் பம்ப் ஓட்டியது; மேகத்துக்குள் அந்தப் பம்ப் நின்றுபோய் உயிரிழந்தவர்கள் உண்டு. புதிய அமைப்பு அந்தப் பலவீனத்தையே நீக்கிவிட்டது. ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியின் டிஏ40 விமானங்களில் இதே திரைகள்தான். 2022-இல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனைகளை முடித்த நம் நாட்டு ஹன்சா-என்ஜி விமானமும் 'கிளாஸ் காக்பிட்' எனப்படும் திரை அமைப்போடுதான் வந்திருக்கிறது. இனி முள் கருவிக்குத் திரும்பும் பேச்சே இல்லை. திரும்ப வேண்டியதும் இல்லை.

அடுத்து எதிர்ப்பக்கம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. 2002 முதல் 2006 வரை தயாரான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒற்றை இன்ஜின் சிறு விமானங்களை அது இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டது: திரை உள்ளவை, முள் கருவி உள்ளவை. மொத்த விபத்துகளில் திரை விமானங்களின் கணக்கு மோசமில்லை. ஆனால் உயிர்ப்பலி கொண்ட விபத்துகள் 1,00,000 பறப்பு மணி நேரத்துக்கு முள் விமானங்களில் 0.43, திரை விமானங்களில் 1.03. இருமடங்குக்கும் மேல்!

இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "திரை ஆளைக் கொல்லும்" என்று முடிவுகட்டுவது தவறு. முள் விமானங்கள் பெரும்பாலும் பயிற்சிக்கு ஓடின. பக்கத்திலே ஆசிரியர், பழகிய ஓடுதளம், பகல் வெளிச்சம். திரை விமானங்களைச் சொந்தக்காரர்கள் தொலைதூரப் பயணத்துக்கும், மேகத்துக்குள்ளும் கொண்டுபோனார்கள். எனவே வித்தியாசத்தில் ஒரு பங்கு பயன்பாட்டினால் வந்தது. இதைக் கழித்துவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது: அத்தனை வசதிகள் இருந்தும், எதிர்பார்த்த உயிர்காப்பு கணக்கில் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் அமைப்பும் வேறு வேறு மாதிரி என்பதால் பொதுவான பாடம் போதாது, அந்தந்தக் கருவிக்கேற்ற பயிற்சி வேண்டும் என்று வாரியம் சொன்னது. என் பார்வையில் ஆய்வின் சாரம் அதுதான்.

கருவி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். விமானி ஆட்டோபைலட்டிடம் "நிமிடத்துக்கு 700 அடி ஏறு" என்று சொல்லிவிட்டு வரைபடத்தைப் பார்க்கத் தொடங்குகிறார். தாழ்வில் இன்ஜினுக்குச் சக்தி இருக்கிறது, கட்டளை நிறைவேறுகிறது. உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து இன்ஜின் தளர்கிறது. சித்திரை வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆட்டோபைலட்டுக்குக் கட்டளை மட்டுமே தெரியும். 700 அடியைக் காப்பாற்ற மூக்கை மேலும் மேலும் தூக்குகிறது. வேகம் சரிகிறது. கடைசியில் இறக்கை தூக்குவிசையை இழக்கிறது. இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. வேகம் குறைவதும் திரையில் எண்ணாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. பின்னால் வந்த சில அமைப்புகள் இந்த நிலையை உணர்ந்து மூக்கைத் தாழ்த்தும். தன் விமானத்தில் அந்த வசதி உண்டா இல்லையா என்று தெரியாமல் பறப்பவருக்கு அதனால் என்ன பயன்?

விமானம் சக்தி வாய்ந்ததானால் இந்த அறியாமையின் விலையும் ஏறும். 110 குதிரைத்திறன் கொண்ட செஸ்னா 152-இல் பழகியவர், 310 குதிரைத்திறன் கொண்ட சிர்ரஸ் எஸ்ஆர்22-ஐ வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவிலுக்கு மேலிருந்து மேற்கே திரும்பினால், முன்னதில் புளியங்குடி மலைச்சரிவை அடையச் சுமார் எட்டு நிமிடம், பின்னதில் ஐந்துக்குள். யோசிக்கக் கிடைத்த நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. ஆடித்தபசு சமயத்தில் நம் தெருக்களில் புழுதி கிளப்பும் அதே தென்மேற்குக் காற்று, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் சரியும்போது விமானத்தைக் கீழே அமுக்கும். திரை மலையைச் சிவப்பில் காட்டும். அந்தச் சரிவுக்காற்றைக் காட்டாது. தரவுப் பட்டியலில் இன்னும் ஏறாத காற்றாலையையும் காட்டாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: பல ஆயிரம் மணி நேரம் பறந்த அனுபவசாலிக்கு இதெல்லாம் எதற்கு? 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி சென்ற பெல் 430 ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது. அது சிறு விமானம் அல்ல; ஓட்டியவர்கள் தொழில்முறை விமானிகள். ஆனாலும் டிரான்ஸ்மிஷன் ஆயில் தொடர்பான எச்சரிக்கை ஒன்றுக்கு விடை தேடிக் கையேட்டைப் புரட்டுவதில் இருவர் கவனமும் பல நிமிடங்கள் போயிற்று. ஹெலிகாப்டர் மோசமான வானிலைக்குள் போய்க்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியும்போது யார் பறப்பது, யார் தேடுவது என்பதையும் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். பறந்த மணிக்கணக்கு அதைத் தானாகக் கற்றுத்தந்துவிடாது.

பயிற்சியால் உண்மையிலேயே மாற்றம் வருமா? இதற்கு என்னிடம் உள்ள வலுவான சான்று சிர்ரஸ்தான். விமானம் முழுவதையும் இறக்கும் பாராசூட், நவீனத் திரைகள் எல்லாம் இருந்தும், தொடக்க ஆண்டுகளில் அதன் உயிரிழப்பு விகிதம் ஏமாற்றம் தந்தது. விமானி பாராசூட் கைப்பிடியை இழுக்காமலே, அல்லது மிகத் தாமதமாக இழுத்து இறந்த விபத்துகள் பல. பிறகு தயாரிப்பு நிறுவனமும் உரிமையாளர் சங்கமும் பயிற்சியைத் திருத்தின. வாங்கியவருக்கு அந்த வகைக்கேற்ற பாடம், குறித்த இடைவெளியில் மறுபயிற்சி, "சந்தேகம் வந்தால் சீக்கிரம் இழு" என்ற ஒத்திகை. 2010-களின் நடுப்பகுதிக்குள் உயிரிழப்பு விகிதம் நன்றாக இறங்கியது. பாராசூட் முதலிலிருந்தே இருந்தது. பயிற்சிதான் புதிதாக வந்தது. கருவிகளும் இடையில் ஓரளவு மேம்பட்டன என்பதால் முழுப் பெருமையையும் பயிற்சிக்கே தந்துவிட முடியாது. பெரும்பங்கைத் தரலாம்.

பயிற்சிக்கு இந்த முக்கியத்துவத்தைத் தரும் இடத்துக்கு விதிகள் இன்னும் வந்துசேரவில்லை. அமெரிக்காவில் 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜினுக்கு ஆசிரியரின் தனிச் சான்று வேண்டும். ஒருமுறை வாங்கினால் போதும், இத்தனை மணி நேரப் பயிற்சி என்ற வரையறை இல்லை. பள்ளிகளின் தரமும் உயர வேண்டியிருக்கிறது: நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளின் முதல் தரவரிசையை வெளியிட்டபோது, மேல் இரண்டு படிகளில் ஒரு பள்ளிகூட இல்லை. நாம் எதிர்பார்க்கும் புதிய பள்ளியும் இந்தச் சூழலில்தான் பிறக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கிளாஸ் காக்பிட் நல்ல கருவி, வாங்குவதில் தவறில்லை. ஆனால் "திரை இருக்கிறது, அதனால் பாதுகாப்பு" என்ற வாதம் சான்றுக்கு முன் நிற்கவில்லை. பாதுகாப்பைத் தருவதில் முதல் இடம் அந்த விமானத்துக்கும் அந்த மென்பொருளுக்கும் உரிய பயிற்சிக்கு. இரண்டாவது இடம் ஆண்டுதோறும் மறுபயிற்சிக்கு. கருவிக்கு மூன்றாவது இடம்தான். தரையில் வெளி மின்சாரம் கொடுத்துத் திரையை உயிர்ப்பித்து, பொத்தான்கள் கைக்குப் பழகும்வரை மாணவரை உட்கார வைக்க வேண்டும். ஆட்டோபைலட்டின் ஒவ்வொரு இயக்க முறையும் எதைக் காக்கும், எதைக் கைவிடும் என்று மாணவர் வாயால் சொல்ல வேண்டும். திரையை அணைத்து, மிச்சமுள்ள கருவிகளைக் கொண்டு கையால் பறந்து இறங்க வேண்டும். இதற்கு ஆகும் செலவை விமானத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாதவர் சின்ன விமானத்தோடு நின்றுகொள்வதே நல்லது. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரும், விமானம் வாங்கப் போகும் முதலாளியும் பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: திரை அணைந்த நிலையில் எத்தனை மணி நேரம் கற்றுத்தருகிறீர்கள்? அதற்குத் தெளிவான எண்ணைச் சொல்ல முடியாத இடத்தில், விமானம் எவ்வளவு புதியதானாலும் பணத்தைக் கட்டாதீர்கள்.