வீடிழந்தோரைப் பற்றிய மூன்று நூல்கள்

நகரங்களைச் சீர்திருத்துவது எங்ஙனம், ஏழைகளுக்கு வீடளிப்பது எங்ஙனம் என்று ஆங்கிலத்தில் வெளிவரும் நூல்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் வாசிக்கத் தக்கவை எவை, கேட்கத் தக்கவை எவை என்று நேயர்கள் நம்மை வினவுவதுண்டு. நமது காரியாலயத்தார் பலவற்றைப் படித்து, தம்முள் வாதிட்டு, மூன்றைப் பொறுக்கியுள்ளோம். மூன்றும் வீட்டைப் பற்றியவை. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்த தோட்டத்து மக்களுக்கு இப்பொருளின் அவசியத்தை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

முதலாவது, மாத்யூ டெஸ்மண்ட் 2016இல் வெளியிட்ட 'எவிக்டெட்'. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாடகை கட்ட இயலாது தவித்த எட்டுக் குடும்பங்களின் வரலாறு இது. ஆசிரியர் அம்மக்களிடையே குடியிருந்தே எழுதினார். வறுமையால் வீடு போகும் என்பது யாவரும் அறிந்தது. வீடு போவதாலேயே வறுமை முற்றும் என்பதை இவர் நிலைநாட்டுகிறார். வெளியேற்றப்பட்டவன் வேலையை இழக்கிறான். அவன் பிள்ளை பள்ளி மாறுகிறது. நீதிமன்றப் பதிவைக் கண்ட அடுத்த வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார். ஆயினும் ஒரு குறை. உடனிருந்து கண்ட ஆசிரியர், கதை முடியும்வரை தம்மை மறைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது கேட்பதற்குரியது. ராபர்ட் காரோ 1974இல் எழுதிய 'தி பவர் புரோக்கர்' ஆயிரத்திருநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. பகலெல்லாம் உழைத்து வந்தவர் அதைத் தூக்கிப் பிடிப்பதே ஒரு வேலை! 'நைன்ட்டி நைன் பர்சென்ட் இன்விசிபிள்' என்னும் இணைய ஒலித்தொடர் 2024இல் இதைப் பகுதி பகுதியாக எடுத்து உரையாடியது. மக்கள் வாக்கால் எப்பதவியும் பெறாத ராபர்ட் மோசஸ், நியூயார்க்கில் ஒரு மைல் நீள நெடுஞ்சாலைக்காக 1,530 குடும்பங்களைப் பெயர்த்த வரலாறு அதில் உண்டு. அதையேனும் கேட்க. ஆனால் பழியெல்லாம் ஒருவன் தலையில் ஏறும்போது, அவனுக்குப் பணமும் சட்டமும் கொடுத்தவர்கள் தப்பிவிடுகின்றனர்.

நாம் மிகவும் விரும்பியது மூன்றாவது நூல். சிங்கப்பூர் சமூகவியலறிஞர் தியோ யூ யென் அம்மையார் 2018இல் வெளியிட்ட 'திஸ் இஸ் வாட் இனிக்வாலிட்டி லுக்ஸ் லைக்'. ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் வாழ்வோரைச் சென்று கண்டு எழுதிய கட்டுரைகள் இவை. அம்மையார் பேராசிரியர், தாயார், தம் வசதியை மறைத்தாரில்லை. தமக்கு வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும் சலுகையுண்டு, அவர்களுக்கு இல்லை என்று வெளிப்படையாக ஒப்பிடுகிறார். ஏழைத் தாய் வேலைக்குச் செல்லப் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். ஆளுக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வேலை வேண்டும். இவ்வளையத்துள் நிற்பவளைப் பார்த்துச் 'சோம்பேறி' என்பது எத்துணை எளிது!

முன்னாளில் ஏழ்மைக்குத் தலைவிதி என்று பெயர் சொன்னார்கள். இந்நாளில் படித்த கனவான்கள் அதையே முயற்சியின்மை என்கின்றனர். பெயர்தான் மாறிற்று. இக்கூற்றின் வேரையே அம்மையார் பறிக்கிறார். எழுத்தறியாது முதல் வகுப்புக்கு வரும் குழந்தையும், தனிப்பாடம் பயின்று வரும் குழந்தையும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டு, முந்தியது மந்தமென முத்திரை பெறும் பகுதியைப் படித்தபோது நம்முள் ஒருவர் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

இனத்தைப் பற்றி அம்மையார் இறுதியில் தனிக் குறிப்பாகவே பேசுகிறார். ஏழ்மையை ஓர் இனத்தின் பழக்கமாக்கிவிடுவர் என்னும் அவரது அச்சம் நியாயமானதே. எனினும், தமிழ் வாசகர் தம் அண்டை வீட்டை அந்நூலில் தேடும்போது, ஏமாற்றம் சிறிது உண்டாகவே செய்யும். இதில் நமக்குள் இன்னும் கருத்தொருமை ஏற்படவில்லை.

மூன்றும் ஆங்கில நூல்கள். ஆங்கிலமறிந்த இளைஞர் ஒருவர் மாலைதோறும் ஓர் அத்தியாயத்தைப் படித்துத் தமிழில் சொல்ல, பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்குக, பெற்றோரும் உடனிருக்கட்டும்.