சீகன்பால்குவின் பிரசங்கமும் ஹாலேயின் பூட்டும்

சீகன்பால்கு பற்றித் தமிழில் எழுதும்போது அச்சுக்கூடம், தமிழ்ப் புதிய ஏற்பாடு, அதோட நிறுத்திடறோம் (நானும்தான்). ஆனா அவர் வந்தது பிரசங்கம் பண்ண.

1675-ல் ஜெர்மனியில் ஸ்பேனர் 'பியா டெசிடேரியா' என்ற சின்னப் புத்தகத்தில் ஒரு குறை சொன்னார்: போதகர்கள் மேடையில் தங்கள் படிப்பைக் காட்டுகிறார்கள், கேட்கிறவன் மனசுக்கு ஒண்ணும் போய்ச் சேரலை. அதிலிருந்து வளர்ந்த பக்தி இயக்கத்தின் மையம்தான் ஃபிராங்கேயின் ஹாலே. அங்கே படித்த சீகன்பால்கு, டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்.

ஊர்ல சர்ச் பெஞ்சில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். தரங்கம்பாடியில் திருப்பிக் கேட்டார்கள். பதில் சொல்லணும்னா இவங்க என்ன படிக்கிறாங்கன்னு தெரியணும். அதனால ஓலைச்சுவடிகளைச் சேர்த்தார், 1708-லேயே அவற்றுக்குப் பட்டியல் போட்டார். கொன்றை வேந்தன், உலகநீதி, நீதி வெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். பிறகு தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார். அப்படி வந்த 99 கடிதங்கள் ஹாலே அறிக்கைகளில் ஜெர்மனில் அச்சாயின.

1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை எழுதி அனுப்பினார். ஃபிராங்கே அச்சிட மறுத்துட்டார். உங்களை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க, இங்கே பரப்ப இல்லை என்பது அவர் வாதம். புத்தகம் வெளிவந்தது 1867-ல், அதுவும் சென்னையில். 154 வருஷம்!

இதை வைத்து சீகன்பால்குவை 'சமய உரையாடலின் முன்னோடி' என்று சிலர் கொண்டாடுவதை என்னால ஏத்துக்க முடியலை. கேள்விகள் அவருடையவை, மொழிபெயர்ப்பும் அவர் பக்கத்தது. ஹாலே அறிக்கைகள் நன்கொடை தர்றவங்களை மனசுல வச்சுத் திருத்தப்பட்டவை. நம்ம ஆபீஸ்ல கிளையண்டுக்குப் போற ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் மாதிரி. தமிழர் சொன்னது மூணு சல்லடை தாண்டித்தான் நமக்கு வருது. தன் முடிவையும் அவர் கடைசிவரை மாத்திக்கலை: சிவனும் விஷ்ணுவும் அவருக்குப் பொய்த் தெய்வங்களே.

ஆனாலும் ஒண்ணை மறுக்க முடியாது. இவங்ககிட்ட நீதி நூல்கள் இருக்கு, ஒழுக்கம் இருக்குன்னு ஜெர்மனிக்கு எழுதினவர் அவர்தான். பிரசங்கம் பண்ண வந்த இடத்துல கேட்கவும் கத்துக்கிட்டார். ஹாலேக்குப் பிடிக்காமப் போனது அந்தக் கேட்டல்தான்னு எனக்குத் தோணுது.

வம்சாவளியைப் படிக்கிறதா இருந்தா 1867 பதிப்பைத் தவிர்த்திடுங்க, பதிப்பாசிரியர் ஜெர்மான் நிறையக் கை வைத்திருக்கிறார். டேனியல் ஜெயராஜின் 2005 ஆங்கில மொழிபெயர்ப்பு மேல்.