தன்மறுப்பும் தெளிவும்: இரட்சணிய யாத்திரிகம் குறித்து

திருகோணமலைக்கு வடக்கே, திரியாய்க் குன்றிலுள்ள வடமொழிக் கல்வெட்டு, அங்குள்ள பௌத்த சைத்தியத்தை நிறுவியோர் வணிகக் குழுவினர் என்கிறது. துறவுக்கு இடமமைத்தது வணிகம். கிறித்தவத் தன்மறுப்பை ஆராய்கையிலும் இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' (1678) இயற்றிய ஜான் பனியன், பாத்திரம் பழுதுபார்த்த தொழிலாளி. அனுமதியின்றிப் போதித்தமைக்காகச் சிறையிருந்தவர். அவருடைய பயணி வீட்டையும் உறவையும் துறக்கிறான். நிலமும் பட்டமும் உயிரும் விலைபோகும் சந்தையில் அவனும் தோழனும் எப்பண்டத்தையும் வாங்க மறுக்கின்றனர். மறுப்பதனாலேயே சந்தையின் பொய்மை அவர்களுக்குப் புலனாகிறது; தோழன் அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்கிறான். உடையவன் தன்னலத்தை மறுத்துப் பெறும் தெளிவு இது. மறுப்பதற்கு உடைமையே இல்லாத கூலியாளுக்குத் தன்மறுப்பைப் போதிப்பதோ அவனைப் பணியவைக்கும் சூழ்ச்சி. வறுமையறிந்த பனியன் இரண்டையும் குழப்பவில்லை.

1858இல் திருமுழுக்குப் பெற்ற வைணவ வேளாளர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, இந்நூலைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிக'த்தை வெளியிட்டார். கிறித்தவக் கம்பர் என்ற புகழ் பொருத்தமானதே, சிக்கலும் அங்கேதான். பனியனின் பேச்சுநடை இங்குக் காப்பிய அணிநடையாகிறது. தன்மறுப்பு பக்தியுருக்கமாக நெகிழ்கிறது. உருக்கம் கூடக் கூட, சந்தையின் மீதான தொழிலாளியின் சினம் தணிந்துவிடுகிறது.