இந்தச் சாம்பலுக்கு அந்தச் சாம்பல் சமமா?

சுவருக்குச் சாம்பல் நிறம் தேடுகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் பட்டியலில் போய் முட்டாமல் இருக்க மாட்டார்கள். இடப்பக்கம் ஒரு கம்பெனியின் ஷேடு, வலப்பக்கம் இன்னொரு கம்பெனியில் அதற்கு "இணையான" ஷேடு, நடுவில் ஒரு சமக்குறி. இந்தக் குறிப்பு அந்தச் சமக்குறியைப் பற்றியது. நல்ல அழுத்தமான சிவப்புக்கும் பச்சைக்கும் அது ஓரளவு தாங்கும். சாம்பலுக்குத் தாங்காது என்பது என் கட்சி.

ஒரு ஜோடியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். நம்ம ஊர்லயும் இப்ப போனில் படத்தைக் காட்டி "இதே கிரே வேணும்" என்று கேட்கிறார்கள். அந்தப் படங்களில் அடிக்கடி வருவது இரண்டு அமெரிக்கச் சாம்பல்கள். ஷெர்வின்-வில்லியம்ஸ் கம்பெனியின் 'அக்ரீயபிள் கிரே', எண் 7029. பெஞ்சமின் மூர் கம்பெனியின் 'ரிவியர் பியூட்டர்', எண் எச்சி-172. இது கிடைக்கலைன்னா அது என்று சொல்லும் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இரண்டு கம்பெனிகளுமே தங்கள் நிறத்துக்கு எல்ஆர்வி என்று ஓர் எண்ணை வெளியிடுகின்றன. சுவரில் விழுகிற ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதுதான் அது. முதலாவதுக்கு 60. இரண்டாவதுக்கு ஏறத்தாழ 55.

அஞ்சு பங்கு என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கண் ஒளியை நேர்க்கணக்கில் அளப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்கு 18 பங்கு ஒளியை மட்டும் திருப்பும் அட்டையைத்தான் கண் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுப்பாதி என்று எடுத்துக்கொள்கிறது. போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை அதுதான். அதனால் 60-ஐயும் 55-ஐயும் 1976-இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு தந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். கண்ணின் அளவுகோலில் ஒன்று 81.8, மற்றது 79. வித்தியாசம் 2.8. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1 அளவு வித்தியாசத்தையே பழகிய கண் பிடித்துவிடும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இதுவும் வெளுப்பு மட்டும்தான். சாயலுக்கு நாம் இன்னும் வரவே இல்லை. கம்பெனியே கொடுத்த எண்ணை வைத்து இரண்டு வரிக் கணக்கில் சாய்ந்துவிடுகிற ஒரு சமக்குறியை இத்தனை பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு வேறு வீட்டில் அடித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, சரி. சிக்கல் ஒரே ஹாலில் வரும்போதுதான்.

இனி சாயல். மஞ்சள் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்ந்தாலும் பார்க்கிறவர் மஞ்சள் என்றுதான் சொல்வார். சாம்பலுக்கு அந்த வசதி கிடையாது. நிறங்களை ஒரு வட்டமாக வரைந்தால் சாம்பல் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கிருந்து ஓர் அடி எடுத்துவைத்தால் திசையே மாறிவிடும். இளம்பழுப்பாகத் தெரிந்தது பச்சை தட்டும், அல்லது ஊதா தட்டும். அக்ரீயபிள் கிரேயின் திரை எண்களைப் பாருங்கள்: சிவப்பு 209, பச்சை 203, நீலம் 193. நீலம் 16 குறைவு. பெயரில் கிரே என்று இருந்தாலும் உள்ளே ஒரு மண்நிறம் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் விரும்பி வாங்குகிறார்கள், பெயர் தெரியாமலே.

அந்த மண்நிறம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. கடையில் இருக்கும் டிண்டிங் மெஷின் வெள்ளை பேஸில் சொட்டுச் சொட்டாகக் கலர் விடுகிறது. கறுப்போடு மஞ்சள் ஆக்சைடும் சிவப்பு ஆக்சைடும் சேர்த்து ஒரு சாம்பல் செய்யலாம். அந்தக் கறுப்பே இரண்டு விதம்: வெள்ளையில் கலந்தால் பரும்பொடிக் கரி நீலம் தட்டும், நுண்பொடிக் கரி பழுப்பு தட்டும். நீலத்தையும் ஆரஞ்சையும் ஒன்றையொன்று அடக்கவிட்டும் சாம்பல் வரவைக்கலாம். கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் மூன்றே வகை என்பதால் அதற்குக் கிடைப்பது மூன்று விடைகள்தான். இரண்டு வேறுபட்ட கலவைகள் பகல் வெளிச்சத்தில் அதே மூன்று விடைகளைத் தந்துவிட முடியும். விளக்கை மாற்றினால் விடைகள் பிரிந்துபோகும். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர். வெள்ளை எல்இடி விளக்கு என்பது 450 நானோமீட்டர் பக்கத்தில் ஒளிரும் ஒரு நீலச் சில்லு, அதன் மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள். பகல் ஒளியின் சீரான பரவல் அதில் இல்லை. ஆகவே மதியம் சேர்ந்திருந்த இரண்டு சாம்பல்கள் விளக்கு போட்டதும் பிரிந்தால் அதில் மர்மம் ஒன்றுமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. ஹாலில் மூன்று சுவர் முடிந்து நாலாவதுக்குப் பெயிண்ட் பற்றவில்லை. அந்த ஷேடுக்கான பேஸ் கடையில் இல்லை. வீட்டுக்காரர் ஷேடு கார்டைக் கொடுத்து இன்னொரு கம்பெனி எமல்ஷனில் மேட்ச் பண்ணி வாங்கி வந்தார். பெயிண்டர் பகல் முழுக்க அடித்தார். காய்ந்த பிறகு பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஹால் விளக்கைப் போட்டதும் நாலாவது சுவர் மட்டும் பச்சையாக நின்றது. "அண்ணே, என்னத்த கலந்தீங்க?" என்று அவரைத்தான் கேட்டார்கள். அவர் எதையும் கலக்கவில்லை. மறுநாள் கூலி இல்லாமல் அதே சுவரைத் திரும்ப இரண்டு கோட் அடித்தார். ஸ்கேன் பண்ணியது கடை, கலந்தது மெஷின், கேட்டு வாங்கியது வீட்டுக்காரர். "இணையான ஷேடு" பட்டியல்களின் மேல் எனக்குள்ள கோபம் அவற்றின் பௌதிக அறியாமையால் மட்டும் வந்ததல்ல. அந்த அறியாமைக்கான பில் போய்ச்சேரும் இடமும் ஒரு காரணம்.

மெஷினைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஸ்கேன் செய்யும் கருவி ஒவ்வொரு அலைநீளத்துக்கும் பிரதிபலிப்பை அளக்கத் தெரிந்ததுதான். ஆனால் கணினி தன் கம்பெனியின் கலர்களை வைத்துத்தானே விடை தேட முடியும்? ஆக நெருக்கமானதைத் தருகிறது. அது எந்த விளக்குக்கு நெருக்கம், எவ்வளவு நெருக்கம் என்பதும் அதற்குத் தெரியும். கடைக்காரர் திரையில் அந்த எண் இருக்கும். வாங்குகிறவர் கையில் வருவதில்லை.

நிறம் சரியாக இருந்தும் பார்வை ஏமாற்றும் என்பது உண்மை. பாரிஸில் கோபலான் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரோலிடம் கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுக்கின்றன என்று கண்டார். 1839-இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். சாம்பல் சுவர் பக்கத்து மரக்கதவுக்கும் சோபாவுக்கும் ஏற்றபடி சாயல் மாறுவது அதே சங்கதி. ஆனால் மேலே சொன்ன ஹாலுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. மூலையில் ஒட்டி நின்ற இரண்டு சுவருக்கும் அக்கம்பக்கம் ஒன்றுதான்.

எனக்கு விளங்காத ஒன்று உண்டு. மின்சாரப் பேனலுக்குச் சாம்பல் அடிக்க யாரும் பட்டியல் தேடுவதில்லை. ஐஎஸ் 5 என்ற இந்தியத் தரத்தில் 631 என்றால் லைட் கிரே, 632 டார்க் அட்மிரல்டி கிரே, 692 ஸ்மோக் கிரே. டெண்டரில் எண்ணை எழுதினால் போதும், எந்தக் கம்பெனி செய்தாலும் அந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் ரால் தொகுப்பு 1927-இலேயே 40 நிறங்களோடு தொடங்கியது. அதில் 7 ஆயிரத்தில் தொடங்கும் வரிசை முழுக்கச் சாம்பல்தான். ஸ்வீடனின் என்சிஎஸ் முறையில் எஸ் 2500-என் என்றால் கறுப்புத்தன்மை 25, நிறச்சாயல் சுழி. அந்தக் குறியீட்டில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. பொது எண் வந்தால் மெட்டாமெரிசம் ஒழிந்துவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதற்கு ஒத்துவர வேண்டும் என்பதாவது எழுத்தில் இருக்கும். நம்ம வீட்டு எமல்ஷனில் மட்டும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிப்பெயர், தனிக்கோடு. ஒருமுறை அடித்தவர் டச்சப்புக்கும் அங்கேயே வரவேண்டும் என்ற ஏற்பாடாகத்தான் எனக்கு இது தெரிகிறது. டப்பா லேபிளில் ஷேடு கோடுக்குக் கீழே அந்த நிறத்தின் மூன்று அளவு எண்களையும், மேட்ச் செய்ததென்றால் வித்தியாசம் எவ்வளவு, எந்த விளக்கில் என்பதையும் அச்சடிக்க ஒரு பைசா கூடுதல் செலவாகாது.

அதுவரை வேறு கம்பெனிக்கு மாறித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரே சுவரின் நடுவில் மாறாதீர்கள். வாசலுக்கு அந்தப்பக்கம், இன்னொரு அறையில் மாறுங்கள். மேட், சாட்டின் என்று பளபளப்பு வேறானால் ஒரே கலவையும் வேறாகத் தெரியும், அதையும் கவனியுங்கள். ஒரு பலகையில் இரண்டு கோட் அடித்து முழுக்கக் காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளுத்துத் தெரியும், காய்ந்தால் இருளும். ராத்திரி உங்கள் வீட்டு விளக்கில், பழைய சுவரோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். பெயிண்டரிடம் பேசும்போதே, மேட்ச் பண்ணிய நிறம் சரிவராமல் திரும்ப அடித்தால் அந்த நாளுக்கும் கூலி உண்டு என்று முதலில் சொல்லிவிடுங்கள்.