கார்லாஃப் – லுகோசி: நேருக்கு நேர் எட்டுப் படங்கள்

பழைய திகில் படங்களை நேசிக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும். போரிஸ் கார்லாஃப் பெரியவரா, பேலா லுகோசி பெரியவரா? வாழ்நாள் கணக்கை எடுத்தால் விவாதத்துக்கே இடமில்லை. கார்லாஃப் 1969-இல் இறக்கும்வரை தேவைப்பட்ட நடிகராகவே இருந்தார். லுகோசியின் கடைசி ஆண்டுகள் பணமுடையிலும் மார்ஃபின் பழக்கத்திலும் கரைந்தன. 1956-இல் டிராகுலா மேலங்கியோடே அவரை அடக்கம் செய்தார்கள்.

ஆனால் மொத்த ரன்களை மட்டும் வைத்து எந்த இரண்டு ஆட்டக்காரர்களையும் நாம் எடைபோடுவதில்லை. எதிரெதிரே நின்றபோது யார் கை ஓங்கியது என்று பார்ப்போம். 1934 முதல் 1945 வரை இந்த இருவரும் எட்டுப் படங்களில் சேர்ந்து வந்திருக்கிறார்கள். அவற்றைக் காட்சி காட்சியாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நேருக்கு நேர் மோதலில் முன்னிலை லுகோசிக்குத்தான்.

முதலில் இருவரின் பாணி. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய டிராகுலா வெள்ளை மீசை வைத்த கிழவன். உள்ளங்கையில் மயிர், மூச்சில் நாற்றம். 1927-இல் பிராட்வே மேடையிலும் 1931-இல் டாட் பிரவுனிங்கின் படத்திலும் லுகோசி காட்டிய டிராகுலா, மாலை விருந்துக்கு வந்த கனவான். படம் முழுக்க ஒரு கோரைப்பல்கூடத் தெரியாது. அவருடைய ஆயுதம் தாளம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நீண்ட நேரம் நிற்பார். படத்தில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லாததால் அந்த இடைவெளியை மறைக்க எதுவும் இல்லை. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் அவர் கண்களில் மட்டும் சிறு விளக்குகளைப் பாய்ச்சினார். ஆங்கிலம் லுகோசிக்கு நாற்பது வயதை ஒட்டி வந்த மொழி. அந்தத் தயக்கத்தையே அவர் மிரட்டலாக மாற்றிக்கொண்டார்.

கார்லாஃபின் வழி நேர் எதிர். மேரி ஷெல்லியின் 1818 நாவலான 'ஃபிராங்கன்ஸ்டைன்'-இல், பின்னாளில் கார்லாஃப் நடித்த அந்தப் படைப்பு மில்டனும் புளூட்டார்க்கும் கதேயும் படித்துவிட்டுப் பல அத்தியாயங்கள் பேசும். ஜேம்ஸ் வேல் 1931-இல் எடுத்த படம் அதன் வாயை அடைத்துவிட்டது. ஒப்பனைக்காரர் ஜேக் பியர்ஸ் நாள்தோறும் நான்கு மணி நேரம்போல வேலை செய்து முகத்தையும் மூடினார். இமைகளின் மேல் மெழுகு. கன்னம் ஒடுங்கித் தெரிய வேண்டும் என்பதற்காகக் கார்லாஃப் தன் பொய்ப்பல்லைக் கழற்றிக்கொண்டார். நடிக்க மிச்சமிருந்தவை கைகள். கூரைச் சாளரம் திறந்து வெளிச்சம் விழும் காட்சியைக் கவனியுங்கள். முதன்முதலாக ஒளியைக் காணும் அந்த உயிர் அதைப் பிடிக்கக் கை நீட்டுகிறது. சாளரம் மூடப்பட்டதும் அதே கைகள் தன்னைப் படைத்தவனை நோக்கித் திரும்புகின்றன. ஷெல்லி பக்கம் பக்கமாக எழுதிய மன்றாட்டு முழுவதும் அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிடும்.

இந்த இரண்டு பாணிகளும் முதலில் மோதிய படம்தான் எட்டிலும் சிறந்தது: எட்கர் ஜி. உல்மரின் 'தி பிளாக் கேட்' (1934). எட்கர் ஆலன் போ 1843-இல் எழுதிய கதையின் பெயரைத் தாங்கியிருந்தாலும் ஒரு கறுப்புப் பூனையைத் தவிர போவிடமிருந்து அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. படத்துக்குள் இருப்பது முதல் உலகப்போர். ஹங்கேரியில் ஒரு கோட்டையை ரஷ்யர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, அதே இடிபாடுகளின் மேல் நவீன வீடு கட்டி வாழ்கிறான் போல்சிக் (கார்லாஃப்). 15 ஆண்டு ரஷ்யச் சிறையில் கிடந்த டாக்டர் வெர்டகாஸ்ட் (லுகோசி) மனைவியையும் மகளையும் தேடி அங்கே வருகிறார்.

லுகோசியின் ஆட்டம் ரயில் பெட்டியிலேயே தொடங்கிவிடுகிறது. எதிரே உறங்கும் புதுமணப் பெண்ணின் தலைமுடியை மெல்லத் தொடுகிறார். கணவன் விழித்திருப்பதைக் கண்டதும் மன்னிப்புக் கேட்டு, தான் விட்டுவந்த மனைவியைப் பற்றிச் சொல்கிறார். டிராகுலாவாக அறியப்பட்ட மனிதரின் கை ஒரு பெண்ணை நோக்கி நீளும்போது நமக்குப் பயம் வருகிறது. வாய் திறந்ததும் அந்தப் பயமே இரக்கமாகிவிடுகிறது. லுகோசி நிஜ வாழ்க்கையில் அதே போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் இருந்து ரஷ்ய முனையில் காயம்பட்டவர். அந்தச் சிறையைப் பற்றிப் பேசும்போது குரலில் கேட்கும் களைப்பை வெறும் நடிப்பு என்று என்னால் ஒதுக்க முடிவதில்லை.

கார்லாஃப் சும்மா இருக்கவில்லை. மெல்லிய திரைக்குப் பின்னால் படுக்கையிலிருந்து அவர் உடல் விறைப்பாக எழும் நிழலே போதும். நிலவறையில் நாம் இருவருமே போரில் செத்தவர்கள்தானே என்ற பொருளில் அவர் பேச, காமிரா அவரை விட்டுவிட்டு வெற்றுச் சுவர்களில் அலையும். முகம் இல்லாமல் குரலை மட்டும் வைத்து ஆளும் அந்தக் கட்டம் முழுக்க அவருடையது. அதற்குச் சற்று முன், கண்ணாடிப் பேழைக்குள் பாடம் செய்து நிறுத்தப்பட்ட மனைவியின் உடலைப் பார்த்து லுகோசி உடைகிறாரே, அது அவருடையது.

நடுவே ஒரு சதுரங்க ஆட்டம். பந்தயம், ரயிலில் பார்த்த, இப்போது அந்த வீட்டில் சிக்கியிருக்கும் இளம் தம்பதி; வெர்டகாஸ்ட் வென்றால் அவர்கள் வெளியேறலாம். கார்லாஃப் அசையவே மாட்டார். காய் நகர்த்தும் விரல்களில் மட்டும் உயிர். லுகோசிக்கோ பலகையைப் பார்க்க வேண்டும், எதிராளியைப் பார்க்க வேண்டும், பதற்றத்தையும் மறைக்க வேண்டும். பலகையில் தோற்பவர் அவர்தான். ஆனால் அந்தக் காட்சியில் என் கண் அவரை விட்டு நகர்வதே இல்லை. கெட்டவனைக் குளிர்ச்சியாக நடிப்பது கடினம்தான். பழிவெறியும் கருணையும் ஒரே முகத்தில் தெரிய நடிப்பது அதைவிடக் கடினம்.

'தி ரேவன்' (1935) படத்தில் லுகோசிக்கு நாயகனுக்குரிய இடம் கிடைத்தது. போவின் கதைகள் மீது பித்துப்பிடித்து ஊசல் கத்தியை நிஜமாகவே செய்துவைத்திருக்கும் மருத்துவர் வேடம். அளவு மீறிவிட்டார். சிதைந்த முகத்தோடு கண்ணாடிகளைச் சுட்டு நொறுக்கும் கார்லாஃப் அதில் எளிதாக மேலே நிற்கிறார். 'தி இன்விசிபிள் ரே' (1936) சமன். லுகோசி எவ்வளவு அடக்கமாக நடிக்க முடியும் என்பதற்குச் சாட்சி. 'பிளாக் ஃபிரைடே'யில் இருவருக்கும் சேர்ந்து ஒரு காட்சிகூடக் கிடையாது. 'கிஃப்ட் ஆஃப் காப்', 'யூ வில் ஃபைண்ட் அவுட்' இரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

1936-க்குப் பிறகு ஹாலிவுட் திகில் படங்களைக் கைவிட்டது. அவற்றை மீட்டவர்கள் ரசிகர்கள். 1938-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ரெஜினா திரையரங்கு பழைய 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' பிரதிகளை மறுபடி ஓட்டியபோது வாசலில் கூட்டம் தாங்கவில்லை. அதைப் பார்த்த யூனிவர்சல் உடனே 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1939) படத்தைத் தொடங்கியது. இதில் லுகோசி செய்த இகோர், தூக்கில் போட்டும் சாகாமல் கழுத்தெலும்பு முறிந்து கோணலாகத் திரிபவன். இயக்குநர் ரோலண்ட் வி. லீ அந்த வேடத்தை வளர்த்துக் கொடுத்தார். தாடிக்குள் புதைந்த சிரிப்பு, கோணிய கழுத்து, கரகரத்த குரல் என்று லுகோசி தன் கனவான் தோரணை ஒன்றைக்கூடப் பாக்கி வைக்காமல் களைந்தெறிகிறார். அவருக்கு ஒரே நடிப்புதான் தெரியும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கார்லாஃபுக்கு வேலை குறைவு. ஆனாலும் இகோரின் பிணத்தைக் கண்டு அலறும் அந்த ஒற்றை ஓலம் படத்திலேயே பெரிய துக்கம்.

கடைசிச் சந்திப்பு 'தி பாடி ஸ்னாட்சர்' (1945). ஸ்டீவன்சனின் கதை, வால் லூட்டன் தயாரிப்பு, ராபர்ட் வைஸ் இயக்கம். பிணம் திருடி விற்கும் வண்டிக்காரன் கிரேவாக வரும் கார்லாஃபின் மிகச் சிறந்த நடிப்பு இதுதான் என்பேன். மிரட்டிப் பணம் பறிக்க வரும் வேலைக்காரன் ஜோசஃபுக்கு (லுகோசி) மது ஊற்றிக் கொடுத்து, தோழமையாகப் பேசி, எடின்பரோவில் பிணம் விற்பதற்காகக் கொலை செய்த பர்க்கும் ஹேரும் எப்படிக் கொன்றார்கள் என்பதை விளக்குகிறார். அந்த விளக்கம் அப்படியே கொலையாக முடிகிறது. புன்னகை குறையவே இல்லை. நலிந்துபோயிருந்த லுகோசிக்கு இங்கே வாய்ப்பு சொற்பம். ஆனாலும் மெதுவாகத் திறக்கும் அந்தச் சந்தேகக் கண்கள் இல்லையென்றால் கார்லாஃபின் இனிப்பு இவ்வளவு கசக்காது.

என் ஏட்டில் 'தி பிளாக் கேட்', 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டும் லுகோசிக்கு. 'தி ரேவன்', 'தி பாடி ஸ்னாட்சர்' இரண்டும் கார்லாஃபுக்கு. 'தி இன்விசிபிள் ரே' சமன். இரண்டுக்கு இரண்டுதானே என்று கேட்கலாம். கார்லாஃப் வென்றவற்றில் ஒன்று லுகோசியின் நிலைதவறிய நாள், மற்றொன்றில் லுகோசிக்குத் தரப்பட்டது ஒரு சிறு வேடம். லுகோசி வென்ற இரண்டிலும் எதிரே நின்ற கார்லாஃப் குறையொன்றும் வைக்கவில்லை. தராசு சாயும் இடம் அதுதான். எட்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் 'தி பிளாக் கேட்' பார்க்கலாம். 65 நிமிடம்தான். சதுரங்கக் காட்சியில் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.