இலங்கைக் காட்டுக் கீச்சான்

மன்னாருக்குப் பறவை பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் வங்காலைப் பக்கத்துப் பூநாரைகளின் மேல்தான் போகும். அவ்வளவு நிறமும் அவ்வளவு கூட்டமும் இருந்தால் போகத்தானே செய்யும். நான் சொல்ல விரும்புவது, மன்னார்த் தீவைக் கடந்து முருங்கன், மடு என்று உள்ளே போகப் போகப் பாலைமரமும் வீரைமரமும் தழைத்துவரும் உலர்காட்டில் வாழும் ஒரு சாம்பல் குருவியைப் பற்றி.

நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. அலகின் நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். அலகின் அடியிலிருந்து கண் வழியாகக் காதுவரை ஒரு கரும்பட்டை. அதற்கு மேலே வெளிறிய புருவம். அந்தப் பட்டை இல்லாவிட்டால் முகமே இராது. கண் மை இட்டதுபோல, இந்த ஒரு கோடுதான் அத்தனை மங்கலான உடலுக்கும் ஒரு பார்வையைக் கொடுக்கிறது. மரத்தில் அவசரமே இல்லாமல் நகரும். ஓர் இலையின் அடியைப் பார்க்கும், பட்டையின் பிளவைப் பார்க்கும், புழுவோ பூச்சியோ கிடைத்தால் எடுக்கும், அடுத்த கிளைக்குப் போகும். வேறு சிறு பறவைகளோடு கலந்தும் இரை தேடும்.

இணையாக இருக்கும்போது பார்க்கவேண்டும். ஆண் கற்பலகைச் சாம்பல். பெண்ணின் சாம்பலில் பழுப்பு ஓடியிருக்கும், கண்பட்டையும் மெலிந்திருக்கும். கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டுக் காட்டுக் கீச்சானில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே பழுப்புச் சாம்பல்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கி.மீ. தூரந்தான், அதிலும் மணல்திட்டுகள். பனியூழிக் காலங்களில் கடல் தாழ்ந்தபோது இது தரைவழியாகவே இருந்தது. இவ்வளவு நெருக்கத்தில் நிறமும் குரலும் வேறுபட்டு நிற்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

இந்த வேறுபாட்டை எப்படி மதிப்பது என்று அறிஞர்கள் நெடுங்காலம் தடுமாறினார்கள். பிரெஞ்சுக்காரரான சொன்னெரா பாண்டிச்சேரியில் கண்டு எழுதிய காட்டுக் கீச்சானுக்கு 1789இல் இயற்கையறிஞர் க்மெலின் அந்த ஊரின் பெயரையே வைத்து, ஈப்பிடிப்பான்களோடு சேர்த்தார். கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத், 1847இல் இலங்கைப் பறவையைத் தனி இனமாக விவரித்தார். டெஃப்ரோடோர்னிஸ் அஃபினிஸ் என்ற அறிவியல் பெயரில் உள்ள ‘அஃபினிஸ்’ அவர் இட்டது. பின்வந்தவர்கள் அதைப் பாண்டிச்சேரிப் பறவையின் கிளையினமாக இறக்கிவிட்டார்கள். 2005இல் பமேலா ராஸ்முசெனும் ஜான் ஆண்டர்ட்டனும் எழுதிய தெற்காசியப் பறவைகள் நூல் அதற்குத் தனி இடத்தைத் திரும்பக் கொடுத்தது. இன்று இலங்கைக்கு மட்டுமே உரிய பறவைகளின் பட்டியலில் அது இருக்கிறது. பிளைத்தின் கண்ணை மெச்சுகிறேன். பதப்படுத்திய தோலைப் பார்த்துக் குரலைக் கணிக்க முடியாது. நிறத்தையும் வடிவையும் கொண்டே அவர் சரியாகச் சொல்லிவிட்டார்.

கூட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கிளைக்கவட்டில் ஆழமில்லாத சின்னக் கிண்ணம். மரநாரைச் சிலந்தி நூலால் இறுக்கி, வெளிப்பக்கம் பட்டைத் துணுக்குகளையும் மரப்பாசியையும் ஒட்டியிருக்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு அது மரத்தின் கணுவாகவே தெரியும்.

பெயரில் கீச்சான் இருந்தாலும், மன்னார்த் தீவின் வேலிகளில் உட்கார்ந்திருக்கும் கீச்சான்களுக்கு இது நெருங்கிய உறவில்லை. மரபணு ஆய்வுகள் இதை வாங்கா குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் பெரும்பகுதி மடகாஸ்கரில் இருக்கிறது. அங்கே ஒன்றுக்கு அரிவாள்போல் வளைந்த நெடிய அலகு, ஒன்றுக்குத் தடித்துப் புடைத்த நீல அலகு, இன்னொன்று மரத்தண்டில் தொற்றி ஏறும். மன்னார்ப் பள்ளிமுனையின் பெருக்கமரத்தை அராபிய வணிகர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பார்கள். இந்துமாக்கடலின் மறுகரையோடு மன்னாருக்கு இன்னோர் உறவும் உண்டு, மடுக்காட்டுப் பாலைமரத்தில் புழு தேடும் இந்தச் சாம்பல் குருவி வழியாக.