ஒலித்தட்டில் இல்லாத இழப்பு: எம்.எஸ்.விஸ்வநாதன் மறைவும் இரசிகர் நினைவில் மேடைக் கச்சேரியும்

ஆய்வுச் சுருக்கம்

திரையிசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன் 2015 ஜூலை 14 அன்று சென்னையில் காலமானார். அவர் மறைவையொட்டி இரசிகர்கள் பகிர்ந்த நினைவுகளில், திரையில் கேட்ட பாடல்களோடு நேரில் கண்ட மேடைக் கச்சேரிகளும் சிறப்பிடம் பெறுகின்றன. இந்நினைவுகளைப் புறத்திணைக் கையறுநிலை மரபோடு ஒப்பிட்டு, அவை எதனை இழப்பாகக் கருதுகின்றன என்பதையும், திரையிசை வரலாற்றுக்கு எவ்வளவு தூரம் சான்றாகும் என்பதையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முன்னுரை

இசையமைப்பாளர் ஒருவர் மறையும்போதெல்லாம் 'அவர் தம் பாடல்களில் வாழ்கிறார்' என்று கூறுவது வழக்கம். விஸ்வநாதனைப் பொறுத்தவரை அக்கூற்று முழுவதும் உண்மையே. 1952இல் வெளிவந்த 'பணம்' தொடங்கி டி.கே.இராமமூர்த்தியுடன் இணைந்தும், 1965க்குப் பின் தனித்தும் அவர் அமைத்த பாடல்கள் இன்றும் கேட்கப்படுகின்றன. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அவர் அமைத்த மெட்டு தமிழகப் பள்ளிகளிலும் அரசு விழாக்களிலும் தொடர்ந்து ஒலிக்கிறது. ஒலி அழியவில்லை எனில் இரசிகர் எதனை இழந்தனர்? அவர்கள் துயரம் வெறும் சம்பிரதாயமா, அன்றி அதற்கென்று ஒரு பொருள் உண்டா? இவ்வினாக்களுக்கு மேடை நினைவுகளே விடை தருகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

கையறுநிலையும் இரசிகர் இரங்கலும்

கையறுநிலை பாடிய புலவர்கள் இறந்தவனின் பெருமைகளைப் பொதுப்படக் கூறி நிறுத்துவதில்லை. அதியமானை இழந்த ஒளவையார் (புறம். 235), கள் சிறிதளவே கிடைத்தபோது அவன் என் செய்தான், மிகுதியாகக் கிடைத்தபோது என் செய்தான் என்று அன்றாடச் செயல்களையே நிரல்படுத்துகிறார். தம் தலையை வருடிய கையின் மணத்தையும் மறவாமல் குறிக்கிறார். ஒல்லையூர் கிழான் மகன் சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் முல்லையை நோக்கி, நீ இன்னும் ஏன் பூத்தாய் என வினவுகிறார் (புறம். 242). பூ எஞ்சியிருக்கிறது, சூடுவோன் இல்லை. எஞ்சி நிற்கும் பொருளே இழப்பைக் கூர்மையாக்குகிறது.

இரசிகர் இரங்கலும் இவ்வாறே அமைகிறது. ஆர்மோனியத்தின் முன் அமர்ந்த தோற்றம், நெற்றியின் திருநீறும் குங்குமமும், இசைக்குழுவை நோக்கிய கையசைவு, மெட்டுப் பிறந்த கதையைக் குழந்தைபோல் விவரிக்கும் பேச்சு, வெற்றியைக் கண்ணதாசனுக்கும் கலைஞர்களுக்கும் பகிர்ந்தளிக்கும் பணிவு ஆகியனவே மீண்டும் மீண்டும் நினைக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் ஒலித்தட்டில் இல்லை. கீரத்தனாருக்கு முல்லை எவ்வாறோ, இரசிகருக்குப் பதிவு செய்யப்பட்ட பாடல் அவ்வாறே அமைகிறது.

எனினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சங்கப் பாடலில் கொடுத்தவன் மறைய, பெற்ற புலவர் புலம்புகிறார். அவருக்குச் சொல்லே தொழில். இங்கோ பாடியவர் மறைய, கேட்டவர் புலம்புகின்றனர். புரவலர் இடத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிய பொதுமக்களும், கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் நின்று கேட்டவர்களும் உள்ளனர். எழுத்துப் பயிற்சி இல்லாத இவர்களின் இரங்கல் பெரும்பாலும் தொடரறுந்த குறிப்புகளாக அமைவதற்கு இதுவே காரணம். அதனைக் குறையாகக் கொண்டு ஒதுக்குவது ஆய்வாளர்க்கு அழகன்று.

மேடை தரும் சான்று

திரைப்பாடல் ஒலிப்பதிவுக்கூடத்தில் இறுதி வடிவம் பெறுகிறது. அதன்பின் அதில் மாற்றத்திற்கு இடமில்லை. மேடையில் அப்பாடல் மீண்டும் நெகிழ்கிறது. இசையமைப்பாளரே பாடும்போது, பாடகர் குரலில் நாம் அறிந்த மெட்டு அதன் முதல் வடிவை நோக்கித் திரும்புகிறது. விஸ்வநாதனின் குரல் 'சங்கமம்' (1999), 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஆகிய படங்களில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் பதிவாகியுள்ளது. ஆயினும் அங்கு அவர் பிறர் மெட்டைப் பாடுபவர். தம் மெட்டைத் தாமே விளக்கிப் பாடும் ஆசிரியராக அவரைப் பலர் கண்டது மேடையிலேயே.

படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத வாத்தியக் கலைஞர்களையும் மேடை கண்முன் நிறுத்தியது. அக்கார்டியன் மங்களமூர்த்தி, ஷெனாய் சத்யம், பறவைக் குரல்களை எழுப்பிய சதன் ஆகியோரை இரசிகர் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றனர். பாடல் வரிகளையும் படக்காட்சியையும் மட்டுமே மூலமாகக் கொள்ளும் திரையிசை ஆய்வுகளில் இப்பெயர்கள் அரிதாகவே காணப்படுகின்றன. இவ்வகையில் இரசிகர் நினைவு ஆய்வுக்கு முந்திச் சென்றுள்ளது எனலாம்.

நினைவின் குறைகள்

இந்நினைவுகளை அப்படியே ஏற்கவும் இயலாது. முதலாவதாக, நினைவு பெருக்கிக் காட்டும். 'புதிய பறவை' (1964) படத்தின் புகழ்பெற்ற சோகப் பாடலில் ஒலித்த கருவிகளின் எண்ணிக்கை சொல்பவருக்கேற்ப மாறுவது இதற்குச் சான்று.

இரண்டாவதாக, இரங்கல் ஒருவரையே மையப்படுத்தும். 'மெல்லிசை மன்னர்கள்' எனும் பட்டம் 1963இல் இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. எனினும் 2015இன் இரங்கலில் 1965க்கு முந்தைய பாடல்கள் பலவும் விஸ்வநாதன் ஒருவருடையனவாகவே பேசப்படுகின்றன. இராமமூர்த்தியின் பெயரும், உதவியாளராக விளங்கிய ஆர்.கோவர்த்தனத்தின் பெயரும் பின்தள்ளப்படுகின்றன. தம் வெற்றியைப் பிறருக்குப் பகிர்ந்தவர் என்று ஒருவரைப் போற்றிக்கொண்டே, அவர் பகிர்ந்தவற்றை மீண்டும் அவரிடமே சேர்த்துவிடும் முரண் இது.

மூன்றாவதாக, 'அதற்குப்பின் இசையே இல்லை' என்னும் பொற்கால வாதம் இரங்கலோடு கலந்து வருகிறது. நிகழ்வுகள் இதனை ஏற்கவில்லை. 1986இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் அவரோடு இணைந்து இசையமைத்த இளையராஜா, அவர் மறைந்த சில நாட்களில், 2015 ஜூலை 27 அன்று சென்னை காமராஜர் அரங்கில் அவருக்கான அஞ்சலியாகக் கச்சேரி நடத்தினார். மறைந்தவரைக் கச்சேரியாலேயே நினைவுகூர்ந்த இந்நிகழ்வு, தலைமுறைகளுக்கிடையே அறுபடாத தொடர்ச்சியைக் காட்டுகிறது.

பத்ம விருது எதுவும் அவருக்கு வழங்கப்படாமை பற்றிய மனக்குறையும் இந்நினைவுகளில் தொடர்ந்து ஒலிக்கிறது. இக்குறை நியாயமானதே. ஆயினும் கல்விப்புலமும் இதில் பொறுப்பிலிருந்து விலக முடியாது. மேடை மெல்லிசையைச் செவ்விசைக்குக் கீழாகவும் திரைப்படத்துக்குப் புறம்பாகவும் கருதிய நாமும் அவரை உரிய இடத்தில் வைக்கவில்லை.

முடிவுரை

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 14இல் பி.பி.ஸ்ரீனிவாசும், ஏப்ரல் 17இல் டி.கே.இராமமூர்த்தியும், மே 25இல் டி.எம்.சௌந்தரராஜனும் மறைந்தனர். ஆறு வார இடைவெளியில் ஒரு மேடையே ஏறத்தாழ வெறுமையானது. 2015இல் அம்மேடையின் நடுவிலிருந்த ஆர்மோனியமும் ஓய்ந்தது. இரசிகரின் துயரம் ஒரு மனிதருக்கானது மட்டுமன்று; மீண்டும் நிகழ முடியாத ஒரு கூடுகைக்கானதுமாகும்.

ஒளவையார் தம் பாடலின் இறுதியில், இனிப் பாடுவோரும் இல்லை, அவர்க்குக் கொடுப்போரும் இல்லை என இரு இன்மைகளைச் சுட்டுகிறார். விஸ்வநாதன் விடயத்தில் முதல் இன்மை நேர்ந்துவிட்டது. இரண்டாவது நேர்ந்துகொண்டிருக்கிறது. 1960களின் கச்சேரிகளை இளமையில் கேட்டவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் கேட்டவை கலைஞர் பெயர், பாடல் வரிசை, இடம், காலம் ஆகிய விவரங்களோடு வாய்மொழி வரலாறாகத் தொகுக்கப்பட வேண்டும். ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட வேண்டும். வீடுகளில் எஞ்சியுள்ள ஒலிநாடாக்களும் அழைப்பிதழ்களும் அவற்றோடு சேர்க்கப்பட வேண்டும். தமிழ்த்துறைகளும் இசைத்துறைகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க இப்பணி காலந்தாழ்த்தப்படின், நமக்கு எஞ்சுவது ஒலித்தட்டு மட்டுமே; அது பதிவு செய்யாத பாதி வரலாறு அதனைக் கேட்டவர்களோடு மறைந்துவிடும்.